உளிப்பிடி செய்வதும் மாட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் மரவேலை பழகும் இளைஞர்களும், தாத்தாவின் உளிகளைப் பரணிலிருந்து இறக்கித் துரு தட்டியவர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சொந்த விருப்புவெறுப்பும் உண்டு. வேறு ஆசாரியிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம்.

பதில்களில் அடிக்கடி வரும் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உளியின் பின்பக்கம் கூம்பிக்கொண்டே போய்ப் பிடிக்குள் நுழையும் பகுதி காம்பு. அலகும் காம்பும் சேருமிடத்தில் தடித்து நிற்பது தோள். பிடியின் கழுத்தில் போடும் உலோக வளையம் பூண்.

கடையில் பிடி விற்கிறதே, நாமே ஏன் செய்ய வேண்டும்?

அவசரத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் கடைப்பிடியில் ஓட்டை ஏற்கெனவே போட்டிருக்கும், அது உங்கள் உளியின் காம்புக்கு அளந்து போட்டதல்ல. கொல்லன் பட்டறையில் அடித்த உளிகளில் ஒரு காம்பு போல இன்னொன்று இருக்காது. பிடி ஆடுவதற்கும் பிளப்பதற்கும் பெரும்பாலும் ஓட்டைதான் காரணம். பழி மட்டும் மரத்தின் மேல் விழும்.

எந்த மரம் நல்லது?

கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) அடித்து வேலை செய்யும் உளி என்றால் எனக்குப் புளியும் கொய்யாவும்தான். புளியில் நார் பின்னிக் கிடக்கும். இழைக்கும்போது அதற்காக நாம் திட்டுவோம், அடி வாங்கும்போது அதே குணம்தான் பிளக்காமல் காப்பாற்றும். கொய்யாவில் பெரிய கட்டை கிடைக்காது, ஆனால் பிடிக்குக் கை நீளக் கிளை போதுமே. வீட்டுக் கொய்யாவைக் கவாத்து பண்ணும்போது மணிக்கட்டு கனத்துக்கு மேல் உள்ள கிளையை அடுப்புக்கு அனுப்பிவிடாதீர்கள். கருவேலம் கிடைத்தால் அதுவும் அருமை. ஏர், வண்டிச் சாமான்களுக்குத் தமிழ்நாடு முழுக்க அதைத்தான் பயன்படுத்தினார்கள். நம் மாவட்டத்தில் மேற்கே மழைப் பக்கம் அது குறைவு, தோவாளைக்குக் கிழக்கே போனால் பார்க்கலாம்.

தேக்கு? கையால் தள்ளி மட்டும் சீவுகிற மெல்லிய உளிக்குச் சரி. அடி தாங்காது, நாரோடு நேராகப் பிளந்துவிடும். பலாவும் அயனியும் நடுத்தரம். கதவுக்கும் சன்னலுக்கும் நல்ல மரங்கள் என்பதால் உளிப்பிடிக்கும் நல்லவை என்று ஆகிவிடாது. பனையும் தென்னையும் வேண்டாம். வைரம் பாய்ந்த பனை எவ்வளவு கடினமானாலும் சிலும்பு கிளம்பி உள்ளங்கையில் ஏறும். ஈட்டி பார்க்க அழகு. வெட்ட அனுமதி வேண்டிய மரம் அது, ஆகவே பழைய மேசை நாற்காலியில் மிஞ்சிய துண்டு கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

ரப்பர் மரம் சும்மாவே கிடைக்கிறது, அது ஆகுமா?

மாவட்டத்தின் மேற்குப் பாதியில் எல்லாரும் கேட்கும் கேள்வி. ரப்பர் கட்டையில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் பொடி வண்டு வரும். மருந்து ஏற்றிப் பக்குவப்படுத்திய கட்டை என்றால் தள்ளிச் சீவும் உளிக்கோ சின்னச் செதுக்கு உளிக்கோ போடலாம். தோட்டத்தில் வெட்டிப் போட்ட கட்டை என்றால், சில மாதங்களில் பிடியின் கீழே வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடக்கும். புளியின் வெளிப்பக்க வெள்ளைக்கட்டையிலும் இந்த வண்டு வரும். ஊசி முனை அளவு ஓட்டைகள் தெரிகிற கட்டையைத் தொடவே வேண்டாம்.

புயலில் விழுந்த மரத்தைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது மாவட்டம் முழுக்க மரங்கள் சாய்ந்தன, அந்தக் கட்டைகள் இன்னமும் சில வீட்டுப் பின்கட்டில் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும். காற்றில் வளைந்து முறிந்த மரத்துக்குள் நாருக்குக் குறுக்காக மயிரிழை வெடிப்பு இருக்கக்கூடும். ஒரு முகத்தை இழைத்து, தண்ணீர் தொட்டுத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குறுக்குக் கோடு தெரிந்தால் அந்தத் துண்டு விறகுக்கு.

பச்சைக் கட்டையிலேயே செய்தால் என்ன?

இன்று இறுகப் பிடித்திருக்கும், மாசியில் கழன்று விழும். பச்சை மரம் காயும்போது வளர்வளையத்தின் போக்கில் சுருங்குவது, ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் உருண்டையாகக் கடைந்த பிடி முட்டை வடிவத்துக்குப் போகிறது, பூணும் தளர்கிறது.

உருட்டுக் கிளையை அப்படியே காய வைக்காதீர்கள். நடுவாகப் பிளந்து, நடுக்குருத்து இல்லாத துண்டாக எடுத்து, இரண்டு முனைக்கும் மெழுகோ பழைய பெயிண்டோ பூசி நிழலில் வையுங்கள். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும், அதை அடைத்தால் வெடிப்பு குறையும். ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுக் கணக்கு. நம் ஊரில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. காலண்டரை மட்டும் நம்ப முடியாது. சமையல் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்து, எடையைக் கட்டையிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. விறகடுப்பு உள்ள வீடு என்றால் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பது பழைய வழி, நல்ல வழியும்கூட.

பழைய பிடியை எப்படிக் கழற்றுவது?

பிடியை எப்படியும் வீசப்போகிறோம் என்றால் பூணை அறுத்து எடுத்துவிட்டு, மரத்தை நெடுக்காகப் பிளந்துவிடுங்கள். நெருப்பில் காட்டி எரித்து எடுக்கிறவர்கள் உண்டு, வேண்டாம். காம்பில் ஏறும் சூடு அலகுக்கு இறங்கும். உளியின் வாய் பதம் பெறுவதே 200 பாகை செல்சியஸை ஒட்டித்தான். அதைத் தாண்டச் சூடேறினால் கடினம் இறங்கும். எஃகில் நீலம் ஓடிவிட்டால் சுமார் 300 பாகை தொட்டாயிற்று என்று பொருள், அந்த வாய் இனி கூர் நிற்காது.

முதலில் பிடியைச் செதுக்குவதா, ஓட்டை போடுவதா?

ஓட்டை. இதை அழுத்தியே சொல்கிறேன். அழகாகக் கடைந்து முடித்த பிடியில் ஓட்டை போட்டு, அது கால் நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, மில்லிமீட்டரில் பழகியவர்களுக்கு மூன்றுக்குச் சற்று மேல்) சாய்ந்துவிட்டால் எதுவும் செய்ய முடியாது. ஒன்றரை இஞ்ச் சதுரக் கட்டையில் முதலில் ஓட்டை போடுங்கள், உளியைக் கையால் செருகிப் பாருங்கள், அலகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்ப வெளிப்பக்கத்தைச் செதுக்கி நேராக்கிக்கொள்ளலாம். ஓட்டையைச் சுற்றிப் பிடியை உருவாக்குகிறோம்.

ஓட்டையின் அளவு என்ன? எத்தனை பிட் வேண்டும்?

காம்பு கூம்பிக்கொண்டே போவதால் ஒரே பிட் போதாது. காம்பை மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள்: தோளருகில், நடுவில், நுனியில். உதாரணத்துக்குக் காம்பின் நீளம் 60 மி.மீ., தோளருகில் 8 மி.மீ. சதுரம், நுனியில் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதலில் 4.5 மி.மீ. பிட்டால் 63 மி.மீ. ஆழம். அதே ஓட்டையில் 6 மி.மீ. பிட்டால் 40 வரை. கடைசியாக 8 மி.மீ. பிட்டால் 20 வரை. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் தாண்டிப் போகாது. இப்போது படிக்கட்டு மாதிரி ஓட்டை கிடைக்கும். சதுரக் காம்பின் நான்கு மூலைகளும் மரத்தைக் கடித்துக்கொள்ளும், பிடி சுழலாது.

படிகளைச் சரிவாக்க ஒரு உபாயம். தேய்ந்துபோன பழைய அரத்தின் பின்காம்பும் இதே போல் சதுரமாகக் கூம்பியிருக்கும். அதை ஓட்டையில் விட்டுத் திருகித் திருகி எடுங்கள். தூளைத் தட்டிவிட்டு உளியைச் செருகிப் பாருங்கள். கையால் அழுத்தும்போது தோளுக்கும் பிடிக்கும் நடுவே 3 நூல் இடைவெளியில் நின்றால் போதும். புளி, கருவேலம் போன்ற இறுகிய மரத்தில் 2 நூல் போதும்.

ஏன் 60 காம்புக்கு 63 ஆழம்? காம்பின் நுனி ஓட்டையின் அடியைத் தொடவே கூடாது. தொட்டால் ஒவ்வொரு அடிக்கும் காம்பு ஆப்பாக மாறிப் பிடியைப் பிளக்கும். அடியின் வேகம் தோள் வழியாகத்தான் அலகுக்குப் போக வேண்டும். தோள் பிடியின் முகத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருந்தால் சுமாரான மரம்கூட வருடக்கணக்கில் உழைக்கும். தோள் ஒரு பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் கருங்காலியே ஆனாலும் வெடிக்கும்.

ட்ரில் ஸ்டாண்டு இல்லை. ஓட்டை நேராகப் போகுமா?

கட்டையை வைஸில் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு மூலைமட்டங்களைப் பக்கத்தில் ஒன்றும் முன்னால் ஒன்றுமாக நிறுத்துங்கள். பிட் இரண்டுக்கும் இணையாக இறங்க வேண்டும். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி "அண்ணே, இங்கோட்டு சாயுது" என்று சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது. கொஞ்சம் சாய்ந்தாலும் பயமில்லை, கட்டை இன்னும் சதுரமாகத்தானே இருக்கிறது.

காம்பைப் பழுக்கக் காய்ச்சி இறக்கும் வழக்கம் உண்டே?

உண்டு. அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் பெரியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். உளிக்கு நான் தயங்குவேன், காரணம் மேலே சொன்ன பதம்தான். செய்தே ஆக வேண்டும் என்றால் உளியைக் காய்ச்சாதீர்கள். அதே அளவுக்குக் கூம்பிய ஒரு கம்பியைக் கொல்லனிடம் அடித்து வாங்கி, அதைக் காய்ச்சி ஓட்டையைச் சுட்டு அகலமாக்குங்கள். கரி படிந்த பகுதியைச் சுரண்டிவிடுங்கள்; கரி நொறுங்கினால் காம்பு ஆடும்.

பூண் எதில் செய்வது? போடாமல் விட்டால் என்ன?

காம்பு உளிக்குப் பூண் இல்லாமல் முடியாது. ஆப்பு போல நுழையும் காம்பு, கழுத்தைப் பிளக்கவே பார்க்கும்.

அரை இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் துண்டு எங்கும் கிடைக்கும். வெளிவிட்டம் 21.3 மி.மீ., உள்விட்டம் கிட்டத்தட்ட 16. பெரிய உளிக்கு அது பொருந்தும். நடுத்தர உளிக்கு ஏசி மெக்கானிக் கடையில் மிஞ்சும் முக்கால் இஞ்ச் செம்புக் குழாய் அழகாக இருக்கும், அதன் வெளிவிட்டம் 19 மி.மீ. நீளம் 4 அல்லது 5 நூல் போதும். பிளாஸ்டிக் பைப் வேண்டாம்.

பூணைப் பிடியின் முகத்தில் வைத்து உள்வட்டத்தைக் கூரான பென்சிலால் வரைந்து, கோட்டை மிச்சம் வைத்துக் கழுத்தைச் செதுக்குங்கள். பூணின் உள்விளிம்பை அரத்தால் சற்று ராவிச் சாய்த்துவிட்டால் மரத்தைச் சுரண்டாமல் ஏறும். கட்டையால் தட்டி ஏற்றும்போது மெல்லிய மரச்சுருள் சுற்றிலும் உரிந்து வந்தால் இறுக்கம் சரி. கையாலேயே நுழைந்துவிட்டால் அந்தக் கழுத்தை அறுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். ஜிஐ பைப்பைச் சூடாக்கி ஏற்ற வேண்டாம், துத்தநாகப் புகை நெஞ்சுக்குக் கெடுதல்.

கடைசல் மிஷின் இல்லாமல் நல்ல வடிவம் வருமா?

எட்டுப் பட்டைப் பிடி செய்யுங்கள். என் கண்ணுக்கு உருண்டைப் பிடியைவிட அது மேல். மேசையில் வைத்தால் உருண்டு ஓடாது, பார்க்காமலே அலகின் திசை கைக்குத் தெரியும்.

சதுரத்தை எட்டுப் பட்டையாக்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது: 7, 10, 7. சதுரத்தின் அகலத்தை 24 பங்காக எடுத்துக்கொண்டு இரண்டு ஓரத்திலிருந்தும் 7 பங்கில் புள்ளி வையுங்கள். அகலம் 48 மி.மீ.-க்குள் எவ்வளவாக இருந்தாலும் அளவுகோலைச் சாய்த்து வைத்து 0-வும் 48 மி.மீ.-யும் இரண்டு ஓரத்தையும் தொடும்படி செய்தால், 14-லும் 34-லும் புள்ளி வைக்கலாம், வகுத்தல் தேவையில்லை. 30 மி.மீ. சதுரத்தில் அது ஓரத்திலிருந்து ஏறக்குறைய 9 மி.மீ. வரும். கோடு போட்டு நான்கு மூலைகளையும் இழைப்புளியால் கோடு வரை இறக்கினால் எட்டுப் பட்டை தயார். கழுத்துப் பக்கம் கூர்த்தும் நடுவில் கொஞ்சம் வயிறு வைத்தும் விடுங்கள்.

நீளம், கனம்?

சாதாரண வேலை உளிக்கு 5 இஞ்ச் நீளம், வயிற்றில் ஒரு இஞ்சுக்குச் சற்று மேல். அதற்கு மேல் உங்கள் கைதான் அளவுகோல். சின்னக் கை உள்ளவர்கள் கடைப்பிடியின் கனத்தோடு மல்லுக்கட்டத் தேவையே இல்லை.

உளியைப் பிடிக்குள் இறக்குவது எப்படி? வைஸில் வைத்து அடிக்கவா?

தேவையில்லை. அலகின் வாயில் கெட்டித் துணி சுற்றிக் கட்டுங்கள். ஒரு தோல் வளையத்தைக் காம்பில் கோத்து (செருப்பு தைப்பவரிடம் கேட்டால் துண்டுத் தோல் தருவார்) காம்பைக் கையால் செருகுங்கள். இப்போது பிடியை ஒரு கையில் பிடித்து, அலகு கீழே காற்றில் தொங்க, பிடியின் மேல்தலையில் கொட்டாப்புளியால் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் உளி தானாக மேலேறிப் பிடிக்குள் போகும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வராது, உளி கீழே விழ வேண்டாமா என்பார்கள். அலகின் கனம் அதை இருந்த இடத்திலேயே நிறுத்துகிறது, பிடிதான் அதன் மேல் இறங்குகிறது. கீழே யார் காலும் இருக்க வேண்டாம்.

நாலைந்து தட்டுக்கு ஒரு முறை கண்ணருகே பிடித்து, அலகும் பிடியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இடையில் சத்தம் மாறி இறங்காமல் நின்றுவிட்டால் ஓங்கி அடிக்காதீர்கள். கழற்றி, ஓட்டைக்குள் காம்பின் கறை பட்டுப் பளபளக்கும் இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

பசை போட வேண்டுமா?

நன்றாகப் பொருந்திய காம்புக்குத் தேவையில்லை. பின்னால் பிடி மாற்றும்போது பசை தொல்லைதான். ஓட்டை பெரிதாகிப்போன பிடியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அரால்டைட் போன்ற எபாக்சியில் அதே மரத்தின் தூளைக் கலந்து நிரப்பலாம். ஃபெவிகால் மரத்தை மரத்தோடு ஒட்டும், இரும்பில் பிடிக்காது.

என்னுடையதில் காம்பு இல்லை, பின்னால் கூம்பிய குழல் இருக்கிறது. அதற்கு?

அதற்குப் பிடியின் முனையைக் கூம்பாக்கி உள்ளே செருக வேண்டும், பூண் வேண்டாம், குழலே பூணின் வேலையைச் செய்யும். குழலின் உள்ளே விளக்குக் கரியைத் தடவி, கூம்பைச் செருகித் திருகி எடுங்கள். கரி ஒட்டிய இடம் மட்டும் தொடுகிறது என்று பொருள், அதைச் சுரண்டிச் சுரண்டி முழுக் கூம்பிலும் கரி படியும்வரை கொண்டுவர வேண்டும். குழலின் வாய்க்கும் பிடியின் தோளுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி கட்டாயம் இருக்கட்டும். இடைவெளி மூடிவிட்டால் கூம்பு மேலும் இறுக வழியில்லாமல் போகும், நாளடைவில் ஆடும்.

எண்ணெய், வார்னிஷ், எது?

வார்னிஷ் கையில் வழுக்கும், கொப்புளம் போடும். நான் சொல்வது ஆளிவிதை எண்ணெய். மெல்லிசாகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தைத் துடைத்து, காய்ந்தபின் மறுபடி. அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீரில் முக்கி விரித்துக் காயப்போடுங்கள். கடைசியாக மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் கிடைக்கும் தேன்மெழுகைக் கொஞ்சம் தேய்த்தால் பிடி கைக்கு இதமாக இருக்கும்.

தேங்காய் எண்ணெய் வீட்டில் இருக்கிறதே என்பார்கள். அது காயாத எண்ணெய், பிசுபிசுப்பாகவே நின்று தூசியைப் பிடிக்கும். வள்ளங்களுக்குப் பூசும் முந்திரித்தோட்டு எண்ணெயைப் பிடிக்குப் பூசலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது, தோலைப் பொத்துவிடும்.

மேல்தலை சிதறிப் பூ மாதிரி விரிகிறதே?

இரும்புச் சுத்தியலால் அடிக்கிறீர்கள். கொட்டாப்புளிக்கு மாறுங்கள். துளை உளி போல் பலமாக அடி வாங்குவதற்கு மேல்தலையிலும் ஒரு பூண் போடலாம். அதை விளிம்பிலிருந்து ஒரு நூல் கீழே இறக்கி, மேலே நீட்டி நிற்கும் மரத்தைத் தட்டிப் பூணின் மேல் மடக்கிவிட்டால் கழலாது.

மயிலாடியில் கல் கொத்துகிறவர்கள் பிடி இல்லாமல்தானே அடிக்கிறார்கள்?

ஆமாம், முழு எஃகு உளி, இரும்புச் சுத்தியல். கல்லை உடைக்க அந்தக் கெட்டி அடி வேண்டும். மரம் பிளக்காமல் வெட்டுப்பட வேண்டும் என்பதால் அங்கே நடப்பது இங்கே ஒத்துவராது.

கோடையில் பிடி தளர்ந்தால்?

மேலே சொன்னபடி அலகு கீழே தொங்கப் பிடித்து, பிடியின் மேல்தலையில் இரண்டு தட்டு. தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குகிறவர்கள் உண்டு. ஊறிய நார் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாகத் தளரும்.

பிளாஸ்டிக் பிடி உடைந்த உளிக்கு மரப்பிடி மாட்ட முடியுமா?

காம்பைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். பிளாஸ்டிக்கை உடைத்து எடுத்தபின் காம்பு ஒன்றரை இஞ்சுக்கு மேல் இருந்தால் தாராளமாக மாட்டலாம். இத்தகைய உளிகளில் பெரும்பாலும் தோள் இருக்காது. காம்பு மெலியத் தொடங்கும் இடத்தில், நடுவில் சதுர ஓட்டை போட்ட தடித்த இரும்பு வாஷரைச் செருகி, லேத் பட்டறையில் ஒரு பொட்டு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். அலகை ஈரத்துணியால் சுற்றித் தண்ணீரில் நிறுத்திக்கொண்டுதான் வெல்டிங். காம்பு ஒரு இஞ்ச்கூட இல்லையென்றால் அதை அடிக்காத வேலைக்கு, பசை சுரண்டவும் பெயிண்ட் கிளப்பவும், ஒதுக்கிவிடுங்கள்.